ஒஹாயோக்காரி

வீட்டில் நான் அவரை ஒஹாயோக்காரி என்றுதான் சொல்வேன். ஆபீசில், முகத்துக்கு நேரே, அக்கா. இலங்கையில் மன்னார்ப் பக்கத்துக் கிறிஸ்தவர், என்னைவிட ஐந்து வயது மூத்தவர், அமெரிக்காவில் கால் வைத்ததே இல்லை. ஆனால் ஒஹாயோ மாநிலத்தில் எத்தனை கல்லூரி, எத்தனை பல்கலைக்கழகம், எது எப்போது திறந்தது, எது எதோடு சேர்ந்தது, எதை இழுத்து மூடினார்கள் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். ஆறு வருஷம் அவருக்கு எதிர் மேஜையில் உட்கார்ந்து வயிறெரிந்தவள் நான். அதனால் நான் சொல்வதில் கொஞ்சம் முன்பின் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வேலை இதுதான். வெளிநாட்டில் படித்துவிட்டு நியூசிலாந்தில் வேலை தேடுகிறவர்கள் நீட்டும் பட்டம் நிஜமா என்று பார்த்துச் சொல்வது. ஆக்லாந்து நகர மையத்தில் ஒரு பழைய கட்டடத்தின் ஆறாவது மாடியில் ஆபீஸ். பள்ளிக்கூடங்களும் மருத்துவமனைகளும் கம்பெனிகளும் எங்களுக்குப் பட்டத்தின் நகலை அனுப்பும். நாங்கள் பட்டம் கொடுத்த இடத்தையே கேட்டு, உண்டு அல்லது இல்லை என்று எழுதி அனுப்புவோம். உலகத்தை மேஜைவாரியாகப் பிரித்துக்கொண்டிருந்தோம். தென்னிந்தியா முழுக்க என் தலையில். அமெரிக்காவை நாலு பேருக்குப் பங்கு போட்டிருந்தார்கள். அக்காவின் பங்குக்குப் பத்துப் பன்னிரண்டு மாநிலங்கள். மற்ற மாநிலங்களை அவரும் எல்லாரையும்போல இணையத்தில் தேடித்தான் முடிப்பார். ஒஹாயோ மட்டும் வேறு.

சேர்ந்த புதிதில் ஏன் ஒஹாயோ என்று கேட்டேன். அண்ணன் தம்பி யாராவது அங்கே இருப்பார்கள் என்று நினைத்தேன்.

"ஒருத்தரும் இல்லை," என்றார். "முழு அமெரிக்காவையும் ஒரு ஆளால அறிய ஏலாது. ஒரு மாநிலம் எண்டா முடியும். எனக்கு முதல் வந்த ஃபைல் ஒஹாயோ. அதைப் பிடிச்சிட்டன்."

இவ்வளவுதான் காரணம். ஒரு சோகக் கதை, ஒரு பழைய காதல், கிடைக்காமல் போன ஒரு படிப்பு என்று ஏதாவது இருந்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். பாவம், அதனால்தான் இப்படி என்று விட்டிருப்பேன். ஒன்றும் இல்லை. எடுத்ததை அடி வரைக்கும் அறிந்துகொள்ள வேண்டும், அவ்வளவுதான் அந்த மனுஷி.

அவர் கல்லூரிகளைப் பற்றிப் பேசும் விதத்தைக் கேட்க வேண்டும். ஏதோ ஊர்ச் சொந்தக்காரர்களைப் பற்றிக் கதைப்பதுபோலவே கதைப்பார். மாநில அரசின் பெரிய பல்கலைக்கழகம் பெரியண்ணர். அதன் கிளைகள் பிள்ளைகள். இரண்டு வருஷப் படிப்பு மட்டும் தரும் கல்லூரிகள் மாமியின் பிள்ளைகள். இரண்டு கல்லூரி ஒன்றாகச் சேர்ந்தால் கலியாணம். மூடிப்போன கல்லூரி என்றால் 'தவறிட்டா' என்பார். ஒரு கல்லூரியை மூடினால் அங்கே படித்தவர்களின் பதிவேடுகளைப் பக்கத்துக் கல்லூரி எதுவாவது வாங்கி வைத்துக்கொள்ளும்.

"தாய் தவறினாப் பிறகு பிள்ளையளைச் சின்னம்மா எடுத்து வளக்கிறா," என்பார். ஒருமுறை இதையே எங்கள் மேனேஜருக்கு ஆங்கிலத்தில் விளக்கினார். மேனேஜர் இந்த ஊர்க்காரர், வெள்ளைக்காரப் பெண்மணி. அவருக்கு அது அவ்வளவு பிடித்துப்போய்விட்டது. அன்றிலிருந்து ஆபீசுக்கு யார் வந்தாலும் அக்காவின் மேஜைக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிடுவார். வந்தவரிடம், ஒஹாயோவில் ஏதாவது ஒரு ஊரின் பெயரைச் சொல்லுங்கள் என்பார். அவர் தெரிந்த ஊர் ஒன்றைச் சொல்வார். அக்கா பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்த ஊரில் என்ன கல்லூரி, எந்தச் சபை தொடங்கியது, எந்த வருஷம் ஆண்பிள்ளைகளையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியது என்று சொல்லிவிட்டுப் பென்சிலை மறுபடி எடுப்பார். வந்தவர்கள் கை தட்டாத குறை.

எதிர் மேஜையில் நான் இருப்பேன். மாதம் இருநூறு கோப்பு முடிப்பவள். என்னிடம் யாரும் சேலம் மாவட்டத்துக் கல்லூரிகளைச் சொல் என்று கேட்டதில்லை.

கேட்டால் சொல்ல முடியுமா என்றால், முடியாது. அதுதான் எரிச்சலே. நான் நூலக அறிவியலில் எம்.ஃபில். அக்கா ஏ.எல்., அதாவது நம் ஊர் பிளஸ் டூ வரைக்கும் படித்து, இங்கே வந்து ஒரு டிப்ளமோ முடித்தவர். பட்டங்களை எடைபோடும் ஆபீசில் என் பட்டத்துக்கு ஒரு மரியாதை வேண்டாமா? ஒருநாள் ரோஷம் வந்து நானும் ஒரு நோட்டு வாங்கினேன். ஒரே ஒரு மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம், அடிவரைக்கும் போவோம் என்று உட்கார்ந்தேன். மூன்றாவது பக்கத்தில் தூக்கம் வந்துவிட்டது. அந்த நோட்டில் இப்போது என் மகன் கார் படம் வரைகிறான்.

என் வீட்டுக்காரர் ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "நீ அந்தம்மாவப் பத்திப் பேசுறதுல கால்வாசி என்னைப் பத்திப் பேசிருந்தா நான் பெரிய ஆளாயிருப்பேன்." நான் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன்.

அக்காவின் நேரக் கணக்கே தனி. ஒஹாயோ நமக்குப் பின்னால் ஓடும் ஊர். குளிர்காலத்தில் நமக்குக் காலை ஏழு மணி என்றால் அங்கே முந்தின நாள் மாலை மூன்று. ஒன்பதரைக்கு வருகிற எங்களைப்போல வந்தால் அங்கே ஆபீசைப் பூட்டியிருப்பார்கள். அதனால் தன் வீடு இருக்கும் லின்ஃபீல்டிலிருந்து முதல் பஸ் பிடித்து, ஏழு மணிக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிடுவார். திங்கட்கிழமை காலை அங்கே ஞாயிறு, ஒருவரும் போன் எடுக்கமாட்டார்கள். அன்றைக்கு மட்டும் ஆறி அமர வருவார். ஆனால் சனிக்கிழமை காலை அங்கே வெள்ளி, வேலை நாள். ஆக்லாந்தே போர்வைக்குள் இருக்கும்போது அக்கா ஆபீசைத் திறந்து போனில் கதைத்துக்கொண்டிருப்பார். யாரும் வரச் சொல்லவில்லை, அதற்குச் சம்பளமும் இல்லை. மேனேஜருக்கு இதுவும் பிடித்துப்போனது. எனக்கு இதுவும் பிடிக்கவில்லை.

ஒருதரம் நான் சீக்கிரம் வந்து அவர் கதைப்பதைக் கேட்டேன். எழுந்து நின்று கதைத்துக்கொண்டிருந்தார். மறுமுனையில் வயதான பெண்மணி, சோளக்காட்டு நடுவில் உள்ள ஒரு சின்னக் கல்லூரியின் பதிவாளர். மாணவர்களின் மதிப்பெண் ஏடுகளெல்லாம் அவர் கையில். மூத்தவர்களோடு கதைக்கும்போது அக்கா போனிலும் எழுந்து நிற்பார். பதினொரு வருஷப் பழக்கமாம், ஒருவரையொருவர் பார்த்ததில்லை. பனி எத்தனை அடி, முழங்கால் எப்படி, நாய் சாப்பிட்டதா என்று கால்மணி நேரம் போன பிறகுதான் கோப்பு நம்பர் வரும். அந்த நாய் செத்த வாரம் அக்கா கண் சிவந்து இருந்தார். என் அப்பா தவறி நான் ஊருக்குப் போய்த் திரும்பியபோது, "ஊருக்குப் போட்டு வந்திட்டீங்களோ," என்று மட்டும் கேட்டவர் அவர். இதை நான் மறக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் மனிதர்கள் விஷயத்தில் அவருக்குக் கவனம் போதாது. என் மகன் பெயரை ஆறு வருஷமும் தப்பாகச் சொன்னார். ஆபீசில் யாருக்குப் பிறந்தநாள், யார் வேலையை விட்டுப் போகிறார், ஒன்றும் தெரியாது. மத்தியானம், பாண் என்று அவர் சொல்லும் ரொட்டியும் தேங்காய்ச் சம்பலும் கொண்டுவருவார், ஒரு துண்டு எனக்கு நீட்டுவார், நான் வேண்டாம் என்றால் மறுபடி கேட்கமாட்டார். அந்தச் சம்பல் வாசனைக்கு எனக்கு நாக்கில் தண்ணீர் ஊறும். இரண்டாம் தடவை கேட்டிருந்தால் வாங்கியிருப்பேன்.

ஒருமுறை அங்கே போய்ப் பார்க்க ஆசை இல்லையா என்று கேட்டேன்.

"அங்க போய் என்ன செய்யிறது? அங்க இருக்கிறவைக்குத் தங்கட கொலிஜ் மட்டும்தான் தெரியும். இஞ்ச இருந்தா எனக்கு எல்லாம் தெரியும்."

பெருமையடிக்கவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதைப்போலச் சொன்னார். பெருமையடித்திருந்தால் நான் அவரை வெறுத்துவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன்.

அவருடைய புகழ் உச்சிக்குப் போனது ஒரு போலிப் பட்டத்தால். அந்தக் கோப்பு அவருக்கு வந்ததே இல்லை, என் மேஜைக்கு வந்தது. விண்ணப்பித்தவர் தென்னிந்தியாவில் பி.எஸ்சி., பிறகு ஒஹாயோவில் ஒரு முதுகலை. இந்தியப் பட்டம் சரியாக இருந்தது. அமெரிக்கப் பட்டத்துக்குச் சீல், கையெழுத்து, கெட்டித்தாள் எல்லாம் பிரமாதம். கல்லூரியின் இணையதளத்தைப் பார்த்தேன், அதே சீல். சரி என்று எழுதப்போகும் நேரம், கெட்டில் போட எழுந்த அக்கா என் தோளுக்கு மேலே பார்த்தார்.

"இது ஆம்பிளைப் பேர் எல்லோ?"

"ஆமாக்கா."

"இதில போட்டிருக்கிற வருசம் அங்க பொம்பிளைப் பிள்ளையள் மட்டும்தான். பிறகுதான் ஆம்பிளையளை எடுத்தவை." சொல்லிவிட்டு டீ போடப் போய்விட்டார்.

விசாரித்தால் அதேதான். அந்த வருஷம் அந்தக் கல்லூரியில் ஓர் ஆணுக்கும் பட்டம் கொடுக்கவில்லை. மேனேஜர் அந்த வாரம் முழுக்க இதையே சொல்லிக்கொண்டிருந்தார். ஏமாறப்போன மேஜை என்னுடையது என்பதைச் சொல்லாமல் விட்டார், அது அவருடைய நல்ல குணம். நான் அந்தக் கெட்டிலை மாற்றிப் பால்கனிப் பக்கம் வைத்தேன், அக்கா என் பின்னால் நடக்காமலிருக்க. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை.

இதற்கு நடுவில்தான் டீம் லீடர் பதவி வந்தது. பழையவர் ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டார். எங்களில் ஒருவரை எடுக்கப்போகிறார்கள், விருப்பமுள்ளவர்கள் எழுதிக் கொடுக்கலாம் என்று மேனேஜர் சொன்னார். அன்றே எழுதிக் கொடுத்தேன். அக்காவும் கொடுத்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. மேனேஜரின் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அரைமணி நேரம் பேசிவிட்டு வந்தாரே. அந்த அரைமணியும் நான் ஒரு கோப்பையும் பார்க்கவில்லை, கதவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்கு அந்தப் பதவி வேண்டும். சம்பளம் கொஞ்சம்தான் கூட. ஆனால் ஒருமுறையாவது அவருக்கு மேலே என் பெயர் இருக்க வேண்டும்.

நேர்காணல் ஒரு செவ்வாய்க்கிழமை. அதற்கு முந்தின வாரம் அக்காவுக்குக் காய்ச்சல், லின்ஃபீல்டில் படுத்துவிட்டார். வியாழக்கிழமை ஓர் அவசரக் கோப்பு வந்தது. இங்கே ஒரு பள்ளியில் ஆசிரியராகச் சேரக் காத்திருக்கும் ஒரு பெண். படித்தது அதே சோளக்காட்டுக் கல்லூரி. அந்தக் கல்லூரியை மூடுகிறார்கள், பதிவாளர் அலுவலகம் வெள்ளிக்கிழமையோடு சரி, பிறகு ஏடுகளைப் பெட்டி கட்டிப் பக்கத்துக் கல்லூரிக்கு அனுப்பிவிடுவார்கள், அவை பிரித்து அடுக்கப்பட மாதக்கணக்காகும். அதுவரை அந்தப் பெண்ணுக்குப் பள்ளி இடம் வைத்திருக்காது.

மேனேஜர் அக்காவுக்குப் போன் செய்யலாமா என்றார்.

"உடம்பு சரியில்லாதவங்களை எதுக்கு?" என்றேன். "நான் பார்த்துக்கறேன்." என் பெயரைக் கோப்பின் முதல் பக்கத்தில், கையாள்பவர் என்ற கட்டத்தில் எழுதினேன். ஒஹாயோ என்ன பெரிய கம்பசூத்திரமா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

என் மேஜை இந்திய மேஜை. இந்தியாவில் ஆபீஸ் திறக்கும்போது இங்கே மாலை நாலரை. மூன்று வருஷமாக நான் போனை எடுப்பதே அந்த நேரத்துக்குத்தான். காலையெல்லாம் கடிதம், மாலையில் போன். கை அப்படிப் பழகிவிட்டது. வியாழன் மாலை நாலரைக்கு ஒஹாயோவுக்கு அடித்தேன், யாரும் எடுக்கவில்லை. வெள்ளி மாலை நாலரைக்கு மறுபடி அடித்தேன். ஐந்து, ஐந்தரை, ஆறு. மணி போய்க்கொண்டே இருந்தது. மெயில் அனுப்பினேன், பதில் இல்லை. கடைசி நாள் என்பதால் முன்கூட்டியே பூட்டிவிட்டார்கள் என்று முடிவு கட்டினேன். அங்கே அப்போது வெள்ளிக்கிழமை பிறந்து இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகியிருக்கவில்லை. ஊரே தூங்கும் நேரத்தில் ஓர் ஆபீசின் மணியை அடித்துவிட்டு, யாரும் இல்லை என்று கோபப்பட்டிருக்கிறேன். நேர வித்தியாசம் தெரியாதவள் அல்ல நான். என் ஆத்திரத்தில் கடிகாரத்தைப் பார்க்கத் தோன்றவில்லை.

கல்லூரி மூடப்பட்டுவிட்டது, பட்டத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, திங்கட்கிழமை போக வேண்டிய தட்டில் வைத்தேன். பஸ்ஸில் போகும்போது அக்காவிடமிருந்து போன். தொண்டை கட்டிய குரல்.

"அந்தச் சின்னக் கொலிஜின்ட ஃபைல் ஒண்டு வந்ததாம். கிடைச்சுதோ?"

"முடிச்சிட்டேன்க்கா. நீங்க ரெஸ்ட் எடுங்க."

"நல்லது," என்று வைத்துவிட்டார்.

முடித்தது உண்மைதான். எப்படி முடித்தேன் என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

திங்கள் காலை வந்து பார்த்தால் தட்டில் என் தாள் இல்லை. கோப்பைத் திறந்தேன். அந்தப் பெண்ணின் மதிப்பெண் ஏடு முழுக்க, பதிவாளரின் கையெழுத்தோடு, கல்லூரி மெயிலிலிருந்து அச்செடுத்து வைத்திருந்தது. முடிவுப் பக்கத்தில் 'பட்டம் உண்மையானது' என்று பென்சிலில், கோணல் மாணலான சிறிய எழுத்தில். மேலே மையில் எழுத வேண்டியதுதான் பாக்கி. முதல் பக்கத்தில் கையாள்பவர் கட்டத்தில் என் பெயர் அப்படியே இருந்தது.

அக்கா சனிக்கிழமை காலை காய்ச்சலோடு வந்திருக்கிறார். எதிர் மேஜையில் உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வேறு ஏதோ கோப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்ப்பார், ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டினார். எனக்கு வந்தது நன்றி இல்லை. அப்படியே பற்றிக்கொண்டு வந்தது. என் தப்பைக் கண்டுபிடித்தாயிற்று, திருத்தியாயிற்று, ஒரு திட்டுக்கூட இல்லாமல் பெருந்தன்மையாக உட்கார்ந்திருக்கிறாரே என்று. பென்சில் எழுத்தின் மேல் மையால் எழுதினேன். பிறகு ரப்பரால் பென்சிலை அழித்தேன்.

செவ்வாய்க்கிழமை நேர்காணலில் மேனேஜரும் வெல்லிங்டனிலிருந்து வந்த ஒருவரும் இருந்தார்கள். மேனேஜர் அந்தக் கோப்பை எடுத்து மேஜையில் வைத்தார். மூடும் நாளன்று ஏட்டை வாங்கியிருக்கிறீர்கள், உங்கள் மேஜைக்கே சேராத வேலை, எப்படி முடிந்தது என்று கேட்டார்.

சொல்வதற்கு எனக்கு நேரம் இருந்தது. தண்ணீர் குடித்தேன், தம்ளரைக் கீழே வைத்தேன். "விடாமல் முயற்சி செய்தேன்," என்றேன்.

அந்தப் பதவி எனக்குக் கிடைத்தது. அக்கா வந்து கைகொடுத்தார், "சந்தோசம்" என்றார். நான் அவர் கண்ணைப் பார்க்காமல் நன்றி சொன்னேன். அதன்பிறகு மூன்று வருஷம் நான் அவருக்கு மேலதிகாரி. அவருடைய லீவுக்கு நான் கையெழுத்துப் போட்டேன், சனிக்கிழமை வருகைகளுக்கு நான் அனுமதி கொடுத்தேன். ஒவ்வொரு கையெழுத்திலும் இன்றைக்குச் சொல்லிவிடுவார், இன்றைக்குச் சொல்லிவிடுவார் என்று இருந்தது. ஒருநாளும் சொல்லவில்லை. அது எனக்கு வசதியாகவும் இருந்தது, தண்டனையாகவும் இருந்தது. பொறாமையாவது போயிற்றா என்றால், அதுவும் போகவில்லை. பார்வையாளர்களை மேனேஜர் அப்போதும் அவர் மேஜைக்குத்தான் கூட்டிப்போனார்.

அக்காவின் கணவருக்கு மெல்பனில் வேலை மாற்றலாகி, அக்கா வேலையை விட்டுக் கிளம்பும் நாள் வந்தது. ஆபீசில் கேக் வெட்டினோம். மழை. பரிசும் பூங்கொத்தும் கையிலிருந்ததால் பஸ்ஸில் போக வேண்டாம், நான் கொண்டுபோய் விடுகிறேன் என்றேன். சாண்ட்ரிங்ஹாமில் இருக்கும் எனக்கு லின்ஃபீல்ட் சுற்றுவழி. இதுவரை ஒருநாளும் நான் அவரை ஏற்றிக்கொண்டு போனதில்லை.

டொமினியன் ரோட்டில் வண்டி நகரவில்லை. மழையும் சிவப்பு விளக்குகளும். இன்று விட்டால் இனி இல்லை என்று தோன்றியது.

"அக்கா, அந்தச் சோளக்காட்டுக் கல்லூரி ஃபைல். அன்னிக்கு நீங்க ஏன் என்கிட்ட ஒண்ணும் சொல்லலை?"

"எது?" என்று யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். "ஓ, அந்த டீச்சர் பிள்ளையோ. நான் அதுக்கெண்டு வரேல்லை. அந்தப் பதிவாளர் அம்மாவுக்குக் கடைசி நாள் எல்லோ, ஒருக்கா கதைச்சிட்டு விடுவம் எண்டு வந்தனான். கதைக்கேக்க, எங்கட ஆள் உங்களோட கதைச்சவவோ எண்டு கேட்டன். ஒருத்தரும் அடிக்கேல்லை எண்டா. சரியெண்டு எடுத்து அனுப்பச் சொன்னன். பெட்டி கட்டிக்கொண்டு நிண்டவ, பாவம், திருப்பி அவிட்டுத் தேடி அனுப்பினவ." கண்ணாடியில் படிந்த ஆவியைக் கையால் துடைத்தார். "அதுக்குப் பிறகு நாங்கள் ரெண்டு பேரும் கன நேரம் அழுதனாங்கள்."

"அந்த வேலையை நான் செஞ்சதா இன்டர்வியூல சொல்லிட்டேன்."

"உங்கட பேர்தானே போட்டிருந்தது."

அவ்வளவுதான். மூன்று வருஷம் என் நெஞ்சில் கிடந்தது அவருக்கு ஒரு சனிக்கிழமைக் காலை, அதிலும் நான் இல்லை, அந்தக் கிழவிதான் இருந்தார். எனக்கு அந்தக் கிழவிமேல்கூடப் பொறாமையாக இருந்தது. எனக்காக ஒருவரும் அப்படி அழுததில்லை.

"அந்த போஸ்ட் எனக்குப் போனதுல உங்களுக்கு வருத்தமே இல்லையா?" என்று கேட்டேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நான் அதுக்கு அப்ளிகேசன் போடவே இல்லையே."

பின்னால் ஒருவன் ஹார்ன் அடித்தான். விளக்கு பச்சை. வண்டியை எடுத்தேன்.

"மேனேஜர் ரூமுக்குள்ள அரைமணி நேரம் இருந்தீங்களே."

"ஓம். போடச் சொல்லிக் கேட்டவ. நான் மாட்டன் எண்டிட்டன். ஆக்களைப் பாக்கிற வேலை எனக்குச் சரிவராது. அப்ப ஆரை எடுக்கலாம் எண்டு கேட்டா. உங்களைச் சொன்னனான்."

அந்தக் காய்ச்சலுக்கும் முந்தின வாரம் அது. அந்தக் கோப்பு வருவதற்கு முன்னால். நான் திருடியது ஏற்கெனவே எனக்காக எடுத்து வைக்கப்பட்டிருந்ததைத்தான்.

"என்னை ஏன் சொன்னீங்க?"

அக்கா மடியிலிருந்த பூங்கொத்தை இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டார். ஒரு கல்லூரி எப்போது தொடங்கியது என்று சொல்லும்போது இருக்கும் அதே நிதானம்.

"நான் எத்தினை மணிக்கு வாறன், ஆரோட கதைக்கிறன், எவ்வளவு நேரம் கதைக்கிறன், என்ன சாப்பிடுறன், எந்த ஃபைல் எத்தினை நாள் என்ர மேசையில கிடக்குது, எல்லாம் உங்களுக்குத் தெரியும். கதவைச் சாத்தினாலும் கதவைப் பாத்துக்கொண்டு இருப்பீங்கள். ஒரு ஆளில இவ்வளவு கண் வைச்சிருக்கிற வேற ஒருத்தரும் அந்த ஒஃபிசில இல்லை. டீம் லீடருக்கு அதுதானே வேலை."

திரும்பி அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. சாலையைப் பார்த்து ஓட்டினேன். வீட்டு வாசலில் இறங்கியவர், என் மகனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். பெயரை அப்போதும் தப்பாகத்தான் சொன்னார். நான் திருத்தவில்லை.